துரைப்பாண்டியின் கெண்டைக்கால்

போதும். பதினோரு மாதம் வாய்மூடி இருந்தது போதும்.

விழாத் தலைவராக வீற்றிருக்கும் மண்டி முதலாளி சங்கரலிங்கம் அவர்களே, வணிகப் பெருமக்களே, வயதில் மூத்த பெரியோர்களே, மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிச் சிவந்த விரல்களோடு வந்திருக்கும் தாய்மார்களே, சுமைதூக்கும் தோழர்களே, வணக்கம்!

தலைவர் அவர்களே, விழா நோட்டீசில் அச்சான என் பெயரை மை தடவி மறைத்தீர்கள். பள்ளியில் உடற்கூறு பாடம் நடத்தும் வாத்தியாருக்கு மண்டித் தொழிலாளர் விழாவில் என்ன வேலை என்றீர்களாம். மேடை இல்லாவிட்டால் என்ன, காகிதம் இருக்கிறது.

மனித உடம்பில் அறுநூற்றுக்கு மேல் தசைகள். அவற்றில் ஒன்றுக்கும் தள்ளத் தெரியாது; இழுக்க மட்டுமே தெரியும்!

பின்வரிசையில் என்ன சிரிப்பு? "அப்போ வண்டியத் தள்ளுதமே, அது எப்படி சார்?" என்கிறீர்களா? மேற்கையின் முன்தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்தசை சுருங்கி எலும்பை இழுத்தால் கை நீளும். நீண்ட கை வண்டியைத் தள்ளும். ஒன்று இழுக்க, மற்றது தளர வேண்டும்.

தசைக்குள்ளே மயிரினும் மெல்லிய இழைகள். பற்றி, விட்டு, மறுபடி பற்றி நெருங்குகின்றன. பற்றுவதற்கு மட்டுமா சக்தி வேண்டும்? விடுவதற்கும் வேண்டும் ஐயா, விடுவதற்கும் வேண்டும்! நீரும் உப்பும் வியர்வையில் வடிந்து களைத்த தசைக்குப் பிடித்த பிடியை விட முடியாது.

சங்கரன்கோவில் தேரை நிலைக்குக் கொண்டுவருவது எது? இந்த ஊர் வத்தலை லாரியில் ஏற்றி நாடெங்கும் அனுப்புவது எது? இந்தத் தசை! உங்கள் தசை!

சென்ற சித்திரையில் என்ன நடந்தது? லோடு முடியும்முன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது நம் மண்டி வழக்கம். குடித்தால், "என்ன வே, அதுக்குள்ள தாகமா?" என்று கேலி. துரைப்பாண்டி அறுபத்து மூன்று மூட்டை ஏற்றினார். அடுத்த மூட்டையோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. விழுந்தார். மூட்டை கிழிந்தது.

"ஏலே, சாராயம் போட்டுட்டா வந்த?" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி, காலு பிடிச்சிட்டு."

"எனக்கே கதை சொல்லுதியா? நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத."

காம்பு கிள்ளிக்கொண்டிருந்த துரைப்பாண்டியின் மனைவி கோமதித்தாய் எழுந்தார். "அவுக வாய மோந்து பாருங்க மொதலாளி! வத்தல் நெடியத் தவிர ஒண்ணும் வராது."

யாரும் மோந்து பார்க்கவில்லை. இன்று துரைப்பாண்டி சிவகிரிக்குப் பஸ் ஏறிச் செங்கல் சுமக்கிறார்.

அன்று வத்தல் வாங்க வந்த நானும் அங்கே நின்றேன். காலை நீட்டிவிட்டு, உப்பிட்ட நீர் கொடுக்கச் சொல்ல எனக்குத் தெரியும். முதலாளி அவர்களே, எங்கள் பள்ளிக் கமிட்டித் தலைவரும் நீங்களே; தலைமையாசிரியர் பதவி தருவீர்கள் என்று காத்திருந்தேன். வாய் திறக்கவில்லை. பதவியும் வரவில்லை.

தோழர்களே, ஏற்றுப்பலகை அருகே ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். குடிப்பவனைக் கேலி செய்யாதீர்கள். தலைவர் அவர்களே, துரைப்பாண்டியைத் திரும்ப அழையுங்கள்! பிடியை விடுவது பலவீனமா? பலமுள்ள தசைதான் விடும்! பதவி மேல் நான் வைத்த பிடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைச் சுமைதூக்குவோர் சங்க முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். மேடையில் ஏறி வாசிக்கப்போகும் தோழருக்கு நன்றி. கேட்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியும்; ஆனாலும் அடியில் என் பெயர் இருந்தால் பதவி கிடைக்காதவனின் ஆத்திரம் என்பீர்கள். பெயர் இல்லாவிட்டால் கேட்பவர் மனதில் துரைப்பாண்டியின் கால் மட்டுமே மிஞ்சும். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடுகிறேன்.