மெத்தைக்குப் புது உறை

ஹலோ... ஆமா பாஸ்டரம்மா, நான்தான். ஆஸ்பத்திரியிலருந்து வந்துட்டேன். இப்பத்தான். மருமக கொண்டுவந்து விட்டுட்டு வேலைக்குப் போயிட்டா... ம். மயக்கமெல்லாம் இல்ல. சர்க்கரை இறங்கிடுச்சு. அடுப்படியில விழுந்ததுல தோள்ல ஒரு வீக்கம், அவ்வளவுதான்... ஆமா, ஆமா. பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.

நல்லா இருக்கு... இல்ல, நிஜமாத்தான். வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம வீடுதானான்னு செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னேன்... ரொம்ப சந்தோஷம். பெண்கள் ஐக்கியத்துல எல்லாருக்கும் நன்றி சொல்லிடுங்க... உப்பு எங்க வச்சீங்க?... ஜன்னல் பக்கம். சரி.

எத்தனை பேர் வந்தீங்க?... அத்தனை பேரா.

இல்ல, குரல் நல்லாத்தான் இருக்கு. களைப்பு... சாவி யார் கொடுத்தது?... மருமகளா. கேட்டதும் கொடுத்துட்டாளா. ஆஸ்பத்திரியிலதானே படுத்திருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை... ஆமா. சொல்லாம செஞ்சு ஆச்சரியப்படுத்தணும்னு. ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஆமா, சேவைக் குழுவுக்கு நான்தான் தலைவி. நான் ஆரம்பிச்சதுதான். சபையில யாராவது படுத்துட்டா பெண்கள் ஐக்கியத்துலருந்து போய் வீட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கணும்னு நானே எழுந்து நின்னு பேசினேன். கைதட்டினீங்க... வாளி வாங்கினதும் நான்தான், துடைப்பம் வாங்கினதும் நான்தான்... ஆமா, என் வாளியாலயே என் வீட்டை. சிரிப்பாத்தான் இருக்கு.

ஒண்ணு கேக்கட்டுமா. படுக்கையறை யார் பண்ணினது?... டைலரம்மாவா... அவளா.

பாஸ்டரம்மா, நான் ஞாயித்துக்கிழமை வரல... உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இனிமே வரல. குழுவையும் வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க... வேண்டாம். பாஸ்டர் வந்து பேசினாலும் இதேதான்... கோபமா? யார் மேல கோபப்பட?

சரி, கேளுங்க. டாக்ஸியை விட்டு இறங்கறேன், எதிர்வீட்டு நர்ஸ் பால்கனியிலருந்து கத்தறா. ஆன்ட்டி, உங்க மெத்தை ரெண்டு நாளா மாடியில காஞ்சுது, பார்த்தேன்னு. தெரு பூரா கேக்க... நல்ல பிள்ளைதான். யார் இல்லைன்னா? அதான் வாசல்லயே நின்னுட்டேன். அந்த மெத்தையை அத்தனை பேரும் தூக்கிக்கிட்டுப் படி ஏறியிருப்பீங்களேன்னு...

மறைக்காதீங்க பாஸ்டரம்மா. பார்த்திருப்பீங்க. கறையைத்தான் சொல்றேன். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போறதுக்குள்ள ஆயிடுது. கொஞ்ச நாளா அப்படித்தான். பழைய பேப்பரை அடியில விரிச்சு, அதுக்கு மேல துண்டைப் போட்டு... ஆஸ்பத்திரிக்குப் போகப்போறேன்னு தெரிஞ்சிருந்தா நானே எல்லாத்தையும் அப்புறப்படுத்தி... என்ன?

பார்க்கலயா... யாருமேவா... கதவைச் சாத்திக்கிட்டாளா... பூச்சி மருந்து அடிக்கிறேன், ஒருத்தரும் உள்ள வராதீங்கன்னாளா. மெத்தையை?... போர்வையைச் சுத்தி, அவளும் அவ வீட்டுக்காரரும் மட்டும்.

அப்போ உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. பழைய மெத்தைன்னு சொல்ல வந்தேன்... ஆமா. சொல்லிட்டேன். உங்க காதுல விழுந்துடுச்சு. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. அவ பொத்திப் பொத்தி வச்சதை நானே ஊதி விட்டுட்டேன்.

பாஸ்டரம்மா, இதை ஜெபக் குறிப்புல போட்டுடாதீங்க... பேர் சொல்லாமக்கூட வேண்டாம். நம்ம சகோதரி ஒருத்திக்கு ராத்திரி நேரத்துல ஒரு கஷ்டம்னு நீங்க கண்ணை மூடினாலே, அந்தச் சகோதரி யாருன்னு பார்க்க மத்தவங்க கண்ணைத் திறந்துடுவாங்க... டாக்டர்கிட்ட சொல்லல... சொல்றேன்... சரி, சொல்றேன். மருமகளுக்கும் தெரிய வேண்டாம்.

வேலை முடிஞ்சு டீ குடிச்சீங்களா?... உங்க வீட்டுலயா... என்ன பேசினீங்க?... சும்மா கேக்கல. டைலரம்மா வீட்டைச் சுத்தம் பண்ணிட்டு வந்தப்போ நாம டீ குடிச்சோமே, அப்போ என்ன பேசினோம்?... நாம இல்ல. நான். அவ ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில கிடந்தா. வீட்டுல மாமியார் படுத்த படுக்கை. நான் உங்க சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, அந்த வீட்டுல ஜெபம் பண்ணும்போது மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாட வேண்டியதாப் போச்சு, அதான் பாட்டு சுருதி சேரலன்னேன்... எல்லாரும் சிரிச்சீங்க. உங்களுக்குப் புரையேறிடுச்சு பாஸ்டரம்மா. தலையில தட்டினதே நான்தான்.

அந்த வாரமே பிள்ளைங்களுக்கு ஞானோபதேச வகுப்புல எட்டாம் கற்பனை எடுத்தேன், பொய்ச்சாட்சி சொல்லாதேங்கற கட்டளை. அடுத்தவங்களைப் பத்தி நல்லதைப் பேசணும், அவங்க செய்யறதை நல்லவிதமா எடுத்துக்கணும்னு அர்த்தம் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைங்க திக்காம ஒப்பிச்சுதுங்க. ஒரு பையன் மட்டும் நடுவுல நிறுத்தினான், அவனை முட்டி போட வச்சேன்.

அவளுக்குத் தெரியுமா, நான் சொன்னது?... தெரியுமா... யார் போய்ச் சொன்னது?... ஓ. ஒருத்தர் இல்ல. ஒவ்வொருத்தரா.

தெரிஞ்சும் வந்தாளா.

இருங்க. ஒரு நிமிஷம். விரிப்பைத் தூக்கிப் பார்க்கறேன்... லைன்லயே இருங்க...

உறை மாத்தியிருக்கா. புதுசு. நீலத்துல... இல்ல, கடையில வாங்கினது இல்ல. தச்சிருக்கா. மெத்தை அளவுக்கு, மூலையெல்லாம் சரியா... உள்பக்கம் ரப்பர் துணி வச்சுத் தச்சிருக்கா பாஸ்டரம்மா. மேல பார்த்தா தெரியல. கையை வச்சு அழுத்தினாத்தான் தெரியுது. மருமக வந்து விரிப்பு மாத்தினாலும் அவளுக்குத் தெரியாது... ஜிப் சுவத்துப் பக்கமா இருக்கு.

இல்ல, அழல... அழுதா அழுதுட்டுப் போறேன். நாம லுத்தரன் சபை. கிருபை, கிருபைன்னு வாய் ஓயாம பாடறோம். கையில வாங்கும்போது உடம்பெல்லாம் கூசுது.

எங்க இருக்கா இப்போ?... அங்கயா. கூட்டத்துக்கா... எல்லாருமா இருக்காங்க? பாஸ்டரம்மா, போனை ஸ்பீக்கர்ல போடலயே?... நிஜமா... வராந்தாவுல நின்னுதான் பேசறீங்களா. சரி... அவளையா? வேண்டாம். கூப்பிடாதீங்க. என்னன்னு பேசுவேன்... வேண்டாம்னு சொல்றேன்ல. பாஸ்டரம்மா... பாஸ்டரம்மா...

ஹலோ.

டைலரம்மாவா... ம். நான்தான்... இருக்கேன்... பார்த்தேன். இப்பத்தான்... இல்ல, ரப்பர் சத்தம் வரல. மெத்துன்னு இருக்கு... மாத்து உறை வேறயா? அலமாரியில, அடித்தட்டுல... வெந்நீர்ல போடக் கூடாது. சரி... பேப்பரெல்லாம் நீயே எரிச்சியா... ம்.

துணிக்குக் காசு நான்... சரி, பேசல.

உன் மாமியாருக்கும் இப்படித்தான் தச்சியா... அவங்க கட்டிலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்துவே?... ம். அப்புறம் மிஷின்ல போய் உட்காருவியா.

அன்னைக்கு நான் டீ குடிக்கும்போது பேசினது... நீ பேசாதே, என்னைச் சொல்ல விடு. உன் வீட்டைப் பத்தி, அந்த அம்மாவைப் பத்தி... வாசனை இருந்துச்சு, ஆனா அதை... என்ன?

மூக்கைப் பிடிக்கலன்னாலும் எனக்குச் சுருதி சேராதா.

ம்... சேராதுதான்... சிரிக்காதே... சரி, சிரிச்சுக்கோ. உனக்கு அந்தப் பாத்தியதை இருக்கு... நான் அழல. சளி.

கேக்குது. சொல்லு... ஞாயித்துக்கிழமையா? வரலன்னு பாஸ்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்... வரக் கூடாதுன்னு இல்ல. பிரசங்கம் முடியற வரைக்கும் என்னால அடக்கிக்கிட்டு உட்கார முடியாதும்மா. முன்வரிசையிலருந்து நடுவுல எழுந்து போனா சபையே திரும்பிப் பார்க்கும். பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திட்டு, ஏதாவது வேணுமான்னு கேட்டாலும் கேப்பார்... சிரிக்காதேன்னேன்.

நீ எங்க உட்காருவே?... கடைசி பெஞ்சா. நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்ல... கதவு பக்கத்துலயா.

அங்க ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?... இல்ல, உள்பக்கம் வேண்டாம். நீ உள்ள தள்ளி உட்காரு. எனக்கு ஓரம் வேணும்...

ஆமா. அதுக்குத்தான்.

வரேன். வச்சிடறேன்.