ஆள் சேரும் வரை

திண்டுக்கல்லில் இருந்து கொடைரோடு போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவர் மல்லிகை போடும் விவசாயி, காலில் புண்ணுக்குக் கட்டு. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னதைக் கேட்காமல் கிளம்பிவிட்டார் என்பது பேச்சில் தெரிந்தது. தங்கைக்கு லேபில் வேலை.

“வலியே இல்லத்தா. இதுக்குப் போயி படுக்கணுமா?”

“சக்கரை இருந்தா வலி தெரியாதுண்ணே. அதோட, ஆளு சேருற வரைக்கும் சில கிருமி சும்மாதான் இருக்கும்.”

அவர் திரும்பினார். “ஆளு சேந்துருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு?”

“ஒவ்வொரு கிருமியும் துளித்துளியா ஒரு ரசாயனத்தைக் கசிய விடும். அது சுத்திலும் கூடிருச்சுன்னா, கூட்டம் சேந்துருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் மூடி வச்சிருந்த, வெசம் பண்ணுற ஜீனை அப்பத்தான் எல்லாம் ஒண்ணாத் தெறக்கும். வெசம் வரும்.”

“முன்னாடியே கக்குனா என்னவாம்?”

“கொஞ்சப் பேரு கக்குனா, உடம்பு சுதாரிச்சு அடிச்சுப் போட்டுரும்ல?”

“அட, வெவரமான பயலுகதான்!” என்று சிரித்தார். பிறகு குனிந்து காலில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப எம்புட்டுப் பேரு சேந்திருப்பாய்ங்க?”

“தெரியலண்ணே.” அவளும் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். “ஆஸ்பத்திரில கட்டைப் பிரிச்சுப் புண்ணைச் சுத்தம் பண்ணுனாத்தான் கொறையும்.”

அம்பாத்துரையில் பஸ் நின்றது. அவர் தங்கையின் தோளைப் பிடித்து எழுந்தார்.

“வா, எறங்குவோம்.”

பஸ் நகர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நொண்டிப் போய், திண்டுக்கல் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.