படலத்துக்கு அடியில் ஓடிய மின்சாரம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த பேராசிரியையோடு ஒரே ஆய்வக உலையில் வேலை செய்த இணைப் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் தாயை இழந்து அமர்ந்திருக்கும் மகளே, ஆய்வகத் தோழர்களே, உறவினர்களே! கனத்த மனத்தோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. இந்த நிறுவனத்தின் செய்திகளை நெடுநாளாக எழுதிவரும் நிருபர். சற்று முன் இயக்குநர் ஓர் அறிவிப்புச் செய்தார். இணைப் பேராசிரியர் உருவாக்கிய புதிய படலம் மின்சாரத்தை அபாரமாகக் கடத்துகிறது, அந்தக் கட்டுரை பேராசிரியையின் பெயரை முதலில் தாங்கி இந்த மாதமே வெளிவரும், அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி என்றார். நீங்கள் கைதட்டப் போய், இரங்கல் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டீர்கள்.

அந்த அறிவிப்பைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தைப் பார்க்காத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பேராசிரியையின் வேலை நகத்தளவு தகடு ஒன்றில் நடந்தது. ஆக்சைடு தகடு, அதாவது ஆக்சிஜன் சேர்ந்த பொருளால் ஆனது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மின்சாரம் அதற்குள் போகாது. அதை உலையில் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, செக்கச்செவேலென்று சூடேற்றி, அதன்மேல் வேறொரு பொருளை மெல்லிய படலமாக வளர்ப்பார்கள். வெளியே எடுத்துக் கம்பியை வைத்தால் ஒருநாள் மின்சாரம் ஓடியது! ஓடியது படலத்திலா, தகட்டிலா? சந்தேகம் தீர, படலமில்லாத வெறும் தகடு ஒன்றை அதே உலையில் அதே சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். அதில் ஓடவில்லை. அப்படியானால் படலம்தானே! கட்டுரை வந்தது. பாராட்டு வந்தது. நிதி வந்தது. கட்டடத்துக்குப் புது மாடி வந்தது.

எல்லாம் வந்த பிறகுதான் பேராசிரியை அந்த வேலையைச் செய்தார். பாராட்டு வாங்கிக் கொடுத்த அதே தகட்டை எடுத்து, மேலே இருந்த படலத்தை முழுக்கத் தேய்த்து எடுத்தார். மிஞ்சியது மொட்டைத் தகடு. கம்பியை வைத்தார். மின்சாரம் முன்பு போலவே ஓடியது.

நடந்தது என்ன? வளரும்போது படலமே அடியிலிருந்த தகட்டிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கிறது. ஆக்சிஜன் போன இடங்களில் எலக்ட்ரான்கள் தங்கிவிட்டன, ஓடியவை அவைதான். வெறும் தகட்டின் மேல் உறிஞ்சப் படலம் இல்லை, அதனால் அது தப்பித்தது. தகடு லேசாகச் சாம்பல் பூத்திருந்ததை எல்லோரும் படலத்தின் நிறம் என்றே நினைத்திருந்தார்கள். மொட்டைத் தகட்டை ஆக்சிஜனில் வைத்து மறுபடி சூடாக்கினார். சாம்பல் மறைந்தது. மின்சாரமும் நின்றது.

அன்று ஆய்வக நடையில் நான் நின்றிருந்தேன். இணைப் பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னங்க மேடம், நல்லா ஓடிட்டிருந்த வண்டிய நீங்களே பஞ்சர் பண்ணிட்டீங்களே!"

"வண்டி எங்கங்க ஓடுச்சு? அடியில ரோடு நகந்துச்சு. நாம ஓடுறோம்னு நினைச்சுட்டோம்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு என்ன கிடைத்தது அவருக்கு? நிதி நின்றது. மாணவர்கள் வேறு ஆசிரியர்களைத் தேடிப் போனார்கள். பாதாள அறைக்கு மாற்றினார்கள்; அங்கே தண்ணீர்க் குழாய் சொட்டும், ஜன்னல் கிடையாது. 'சுரண்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "சுரண்டி வர்றாங்க, உங்க தகட்ட ஒளிச்சு வைங்கப்பா!" என்று உணவுக்கூடத்தில் ஒருவர் சொல்ல, மேசையே சிரித்தது. பேராசிரியையும் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். யார் எழுந்து போய் அவர் எதிரில் அமர்ந்தீர்கள்? இன்று மலர்மாலையோடு வந்திருக்கும் எத்தனை பேர் அந்தப் பாதாள அறையின் படிக்கட்டில் இறங்கினீர்கள்?

அவருடைய கடைசி வாரத்தில் அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். உதடு வறண்டிருந்தது. அவர் கையெழுத்துக்காக வந்த, இணைப் பேராசிரியரின் புதிய கட்டுரை படுக்கையருகே இருந்தது, கையெழுத்தில்லாமல்.

"மேல இருக்கறத எடுத்துட்டு அளந்தாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலம்மா."

மகள் போர்வையை இழுத்துவிட்டார். "அம்மா, பேசாம படு. இப்ப அதுவா முக்கியம்?"

"இப்பதான்டி முக்கியம். உயிரோட இருக்கறவ பேர்ல தப்பு வந்தா, அவளே எந்திரிச்சு இல்லைன்னுடுவா. செத்தவ பேர்ல வந்தா யாரு எந்திரிப்பா?"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அன்றிலிருந்து செயற்கைச் சுவாசக் குழாயோடுதான் இருந்தார்.

இன்று காலை இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. "சார், நல்லா வந்தது அந்த ஒரே ஒரு தகடுதான். தேய்ச்சிட்டா படலமே போயிடுமே! அந்தம்மாவுக்கு ஒரு மரியாதை செய்யலாம்னு பாத்தா..." என்றார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. இணைப் பேராசிரியரின் பல ஆண்டு உழைப்பு அந்தத் தகட்டின் மேல் இருக்கிறது. தேய்த்தால் அது திரும்பி வராது.

ஆனால் நண்பர்களே, தேய்க்காமல் வைத்திருந்தால் நம்மிடம் இருப்பது என்ன? படலமா? பதில் தெரியாத கேள்வியா? தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்ற ஒரு பெண்ணின் பெயரை, அவர் பதில் சொல்ல முடியாத நாளில், அவர் கையெழுத்திடாத தாளில் ஏற்றுவதா மரியாதை?

மேடைக்கு வருமுன் மகளிடம் அனுமதி கேட்டேன். "அளக்கற வரைக்கும் அம்மா பேர் அதுல வேண்டாம்னு நானே சொல்லிடுறேன், நீங்க மத்தத சொல்லுங்க" என்றார்.

மற்றதைச் சொல்கிறேன். இந்தக் கண்டுபிடிப்பின் செய்தி என் பையில் எழுதித் தயாராக இருக்கிறது. அந்தத் தகட்டை அளக்காமல் அது அச்சுக்குப் போகாது. படலத்தை எடுத்த பிறகு மின்சாரம் நின்றுவிட்டால், இணைப் பேராசிரியரே, அது உங்கள் வெற்றி. இன்னொன்றை நீங்கள் வளர்த்துக்கொள்வீர்கள், நான் மனமார எழுதுவேன். ஓடிக்கொண்டே இருந்தால் அதையும் எழுதுவேன், கூசாமல் எழுதுவேன்.

நீங்கள் தலை குனிந்திருக்கிறீர்கள். உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. உலை உங்களிடம் இருக்கிறது, தகடு உங்களிடம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் இந்த அரங்கில் நீங்கள் ஒருவர்தான். தேய்க்கும் நாளில் கூப்பிடுங்கள். பக்கத்தில் வந்து நிற்கிறேன். தனியாக நின்று அதைச் செய்வது எப்படிப்பட்டது என்று அந்த அம்மையாரைப் பார்த்து நான் அறிந்திருக்கிறேன். இன்னொருவர் அப்படி நிற்க வேண்டாம்.