இரண்டாவது ஸ்டூல்

கூடத்து வாசலில் ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதை நான் வாங்கிப் போட்டேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீங்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

காசு போட்டு ஆடுகிற அந்த மெஷின் சூதாட்டக் கூடத்துக்கு நான் பதினோரு வருஷமாகப் பகல் காவலாள். உள்ளே விளக்கு மின்னும், மணி அடிக்கும், ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலும் நானும். உள்ளே போகிறவன் என்னைப் பார்ப்பதில்லை. திரும்பி வருகிறவனுக்குத் தலையைத் தூக்கத் தெம்பு இருப்பதில்லை. வீட்டில் சுவர்தான் துணை. மனைவி போய் ஆறு வருஷம். மகன் போன் பண்ணினால் "மாத்திரை போட்டீங்களா" என்பான், பதிலுக்கு நிற்க மாட்டான்.

பக்கத்துத் தெருவில் பெண்களுக்கென்று ஒரு மையம் திறந்தார்கள், இந்த ஆட்டத்தை விட முடியாதவர்களுக்காக. காசு வேண்டாம், புருஷன் பேர் கேட்க மாட்டார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வரலாம். சும்மா கொடுப்பவர்களை நான் நம்புகிறவன் இல்லை. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே" என்று மையத்தை நடத்துகிற டீச்சரம்மாவிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு போட்டோவும் ஒரு தாளும் கொடுத்தாள்.

"தன்னை உள்ள விடாதீங்கன்னு இந்தப் பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்கு, பெரியவரே. வந்தா நிறுத்துங்க. அரை மணி நேரம் பேச்சுக் கொடுங்க, வெறி தானா இறங்கிடும். கீழ அவ நம்பர் இருக்கு."

எல்லாக் காவலாட்களும் பார்க்கிற மாதிரி போட்டோவை வாசல் பலகையில் குத்தினேன்.

நாலாம் நாள் வந்தாள். தையல்காரி. தோளில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். குறுக்கே கையை நீட்டினேன்.

"யோவ், வழிய விடுய்யா. உன் அப்பன் வீட்டுக் கூடமா?"

"என் அப்பன் வீடா இருந்தா நான் ஏன் வாசல்ல நிக்கிறேன்? உக்காரு."

என் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றேன். திட்டினாள், அழுதாள். கடைசியில் என் சட்டையில் பட்டன் இல்லாததைக் கண்டுபிடித்தாள். பையில் ஊசி இருந்தது. தைத்துக்கொண்டே, "உங்கள மாதிரி ஒரு சிடுமூஞ்சிய நான் பார்த்ததே இல்ல, பெரியப்பா" என்றாள்.

மறுநாள்தான் அந்த ஸ்டூலை வாங்கினேன்.

இரண்டு மாசம் வந்தாள். முதலில் தினமும், பிறகு விட்டு விட்டு. பிறகு வரவில்லை. டீச்சரம்மா வந்து, "தேறிட்டா பெரியவரே, பாதிப் புண்ணியம் உங்களுக்கு" என்றாள். காலி ஸ்டூலில் சாப்பாட்டு டப்பாவை வைத்துப் பார்த்தேன். நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன். பத்து நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் வாயில் ஒரு கசப்பு ஊறும். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பதினோராம் நாள் போன் பண்ணினேன். "இந்தப் பக்கம் வந்துடாதேம்மா. நீ ஆடுற சுவரோர மெஷின் காலையிலேர்ந்து வாரி வாரிக் கொடுக்குது" என்றேன். வராதே என்றுதான் சொன்னேன், அதை எழுதுங்கள். அரை மணியில் வந்து நின்றாள். நிறுத்தினேன். டீ குடித்தோம். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் அவ்வளவுதான், பெரியப்பா" என்றாள். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்படிப் பதினான்கு தடவை கூப்பிட்டேன். பதினான்கு தடவையும் நிறுத்தினேன்.

நடுவில் ஒருநாள் சாயங்கால ஆள் அவளை நிறுத்தி, மையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அவன் நல்ல மனுஷன் என்று என்னிடமே சொன்னாள். அன்றைக்குப் போட்டோவைப் பலகையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவளை நிறுத்துவது என் வேலை.

போன வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதினைந்தாவது தடவை கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் மேனேஜர் என்னைப் பின்பக்கம் சாமான் இறக்க அனுப்பிவிட்டார். வாசலில் ஒரு புது ஆள். பலகையைப் பார்த்திருக்கிறான், அதில் ஒன்றும் இல்லை. நான் திரும்பியபோது, கண்ணாடிக் கதவு வழியாகச் சுவரோரம் அவள் முதுகு தெரிந்தது.

உள்ளே போய் அவளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். டீச்சரம்மாவுக்காவது ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் தோற்று வெளியே வந்தால் அழுவாள், அழுதால் உட்காருவாள் என்று நினைத்தேன். இரண்டு டீ வாங்கி வைத்துக் காத்திருந்தேன். டீ ஆறிப்போகும், மறுபடி வாங்குவேன். வெயில் சாய்ந்த பிறகு வந்தாள்.

"உக்காரும்மா" என்றேன்.

"வராதேன்னு சொல்றதுக்கு எதுக்கு பெரியப்பா போன் பண்ணினீங்க?" என்றாள். கோபமில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள். உட்காராமல் போனாள். மறுநாள் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நீங்கள் பார்த்தது அவளைத்தான்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டியவன் என்று டீச்சரம்மா இங்கே நின்று கத்திவிட்டுப் போனாள். கிள்ளினேன். போன் பண்ணினதும் நான்தான், போட்டோவை எடுத்ததும் நான்தான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். கைநாட்டு எங்கே வைக்க வேண்டும்?

ஒன்று மட்டும் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஸ்டூலை எடுத்துவிட வேண்டாம். மையத்தில் இன்னும் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நிறுத்த வாசலில் என்னை மாதிரி ஒருவன் இருக்க வேண்டாமா?