தங்களுக்குச் சவுகரியப்பட்டால்

– இன்னொருக்கா சொல்லு பாவா. ஷார்ஜாவுல உங்க மேனேஜர்ட்ட லீவு கேட்ட மாதிரியே சொல்லு.

– ‘மே ஐ கோ ஹோம் ஃபார் டென் டேஸ், சார், இஃப் இட் இஸ் கன்வீனியன்ட் டு யூ?’ இம்புட்டுத்தான் கேட்டேன், ஞானசிகாமணி சார். நீங்க இந்த மாடியில இங்கிலீசு கிளாசுல வச்சுச் சொல்லிக் குடுத்ததுதான்.

– ஒரு குத்தம் சொல்ல முடியாதுலே. உங்களுக்குச் சவுரியப்பட்டா பத்து நாளு ஊருக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டிருக்க. வெள்ளக்காரனே இதவிட மரியாதையா கேக்க மாட்டான். என்ன சொன்னாரு?

– இந்த மாசம் சவுரியப்படாது, அடுத்த மாசம் பாப்பம்னாரு. தேங்க் யூ சார்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். தந்தி சட்டப்பையிலயே இருந்துச்சு.

– என்ன தந்தி?

– எம்மவ ஹமீதாவுக்கு மூளக்காய்ச்சல், ஒடனே வான்னு. ஆஸ்பத்திரியில வாப்பா வாப்பான்னு அனத்திக்கிட்டே கெடந்திருக்கா. நாலாம் நாளு மவுத்தாயிட்டா, சார்.

– ஐயோ... அத அவர்ட்டச் சொல்லலியாலே நீ?

– நீங்கதான சொல்லுவிய, மேலதிகாரிட்ட வீட்டுக் கத பேசப்பிடாது, கேட்டமா நிறுத்துனமான்னு இருக்கணும்னு. எங்க உம்மாவுக்குச் சொகமில்லன்னு ஒருநா லீவு கேட்டதுக்கு, அத்தன பேரு முன்னால நிப்பாட்டி, ஒப்பாரி வைக்காதலேன்னிய. அது எனக்கு மறக்கவே இல்ல.

– எனக்கும் அப்படித்தாம்லே சொல்லிக் குடுத்தாங்க. இருவது வருசமா அதையேதான் நானும்... கர்த்தரே.

– பிள்ளைய அடக்கியாச்சுன்னு போன் வந்தப்ப, ஸ்டோர் ரூம்ல விழுந்து கெடந்து அழுதேன். மேனேஜர் ஓடி வந்து என்னன்னு கேட்டாரு. அப்பத்தான் சொன்னேன். முந்தியே சொல்லியிருந்தா அன்னைக்கே பிளேன்ல ஏத்தி விட்டிருப்பனேன்னு அவரும் கண்ணத் தொடச்சாரு. எனக்கு இன்னும் நெஞ்சு ஆறல, சார்.

– எம்மேலதாம்லே தப்பு. நாலு அடி அடிக்கணும்னாலும் அடிச்சிரு.

– அதுக்கு வரல. எம் பொண்டாட்டி நஃபீஸத்து கீழ நிக்கா. பிள்ள சாகக் கெடக்கான்னு அவர்ட்டச் சொன்னியளான்னு கேட்டா. சொன்னேன், அவருதான் விடலன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப அவருக்கு ஒரு கடுதாசி போடணும்ங்கா. நீயும் பிள்ள பெத்தவந்தான, எம்பிள்ள மொகத்த வாப்பா கடைசியா ஒருதரம் பாக்கவிடாமப் பண்ணிட்டியேன்னு. அத இங்கிலீசுல நீங்க எழுதித் தரணுமாம்.

– ஒரு பாவமும் அறியாத மனுசனுக்கா? அவகிட்ட உண்மையச் சொல்லிருலே.

– சொன்னா அவ எங்கூட இருக்க மாட்டா. எனக்குன்னு மிச்சமிருக்கது அவ ஒருத்திதான். வெள்ளிக்கிழமை நான் திரும்பிப் போறேன். அவ சொல்லச் சொல்ல, ஒரு வார்த்த கொறைக்காம எழுதுங்க. ஏசுனா ஏசுன மாதிரியே எழுதுங்க.

– அத வாசிச்சா அந்த மேனேஜரு என்னலே நெனப்பாரு?

– அவருக்குப் போகாது, சார். நஃபீஸத்துக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. கவர் மேல அவரு பேருக்குப் பதிலா எம்பேர எழுதுங்க.