மூலையை வெட்டினாலும் ஆயிரம் கெஜம்

ஹலோ... ஹலோ, டெஸ்மண்ட் அண்ணனா? நான் ஜூலியஸ், தோட்டத்து ஆபீஸ் கிராணி, கலும்பாங்ல இருந்து... ஆமா, ஆமா, லயத்து வீடுகளைச் சுத்திப் போடற வேலி விசயம்தான். பெரிய ஆபீஸ்ல இருந்து நீங்க அனுப்பின லோரி வந்துச்சு. முள்ளுக்கம்பி தொள்ளாயிரம் கெஜத்துக்குத்தான் இருக்கு. நான் ஆயிரம்னு எழுதியிருந்தேன்லா...

இல்லண்ணே, கூட்டி ஒண்ணும் கேக்கல. நீளம் முந்நூறு, அகலம் இருநூறு. நாலு பக்கமும் சுத்தி வந்தா ஆயிரம்...

சரி... சரி... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... என்னது? கிழக்கு மூலையை வெட்டி விட்டுறதா? அங்கதாண்ணே அஞ்சாம் நம்பர் லயம் இருக்கு! நாகமணி, சோமு, இருசப்பன்னு ஏழு குடும்பம். கம்யூனிஸ்ட் பயத்துல போட்ட இந்த அவசரகாலத்துல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேலிக்கு வெளியில யார் நின்னாலும் பட்டாளத்துக்காரன் சுடறான். அவங்க எங்க போவாங்க?

துரை உத்தரவு, தெரியுது... ஆனா அதுல ஒரு முழம்கூட மிச்சமாகாது... ஆகாதுண்ணே! ஐயோ... பென்சில் எடுங்க. ஒரு கட்டம் போடுங்க... போட்டாச்சா? மூலையில அம்பதுக்கு அம்பது வெட்டுங்க. வெளியில அம்பதும் அம்பதும் போச்சா? இப்ப வேலி உள்ள திரும்பிப் போகணும்ல? இந்தப் பக்கம் அம்பது, அந்தப் பக்கம் அம்பது. போன நூறு திரும்பி வந்துருச்சு! அதே ஆயிரம்...

நிலம் குறையுது, சரி. நிலத்துக்கா கம்பி கட்டறோம்? ஓரத்துக்குத்தானே கட்டறோம்!... கத்தலண்ணே. லைன் சரியில்ல, அதான்...

ஆங், இப்ப வந்துச்சா? அதேதான். எத்தன தடவ சொன்னேன்!

நூறு குறையணும்னா ஒரு பக்கத்தை முழுசா உள்ள தள்ளணும். மேற்குப் பக்கத்தை அம்பது கெஜம் தள்ளினா மேல அம்பது, கீழ அம்பது மிச்சம். தொள்ளாயிரம். உங்க கம்பி சரியாப் போச்சு...

அங்கயா? அங்க லயம் இல்ல... கிணறும் இல்ல... ஒரே ஒரு வீடு...

கிராணி வீடு... ஆமா, என் வீடுதான்... இல்லண்ணே, யோசிச்செல்லாம் சொல்லல. சொல்லிக்கிட்டு வரும்போதுதான் எனக்கே உறைக்குது...

எழுதிக்குங்க. மேற்கு, அம்பது கெஜம்... எழுதுங்கண்ணே, என் மனசு மாறுறதுக்குள்ள! துரைகிட்ட இன்னைக்கே கையெழுத்து வாங்கிருங்க. நாங்க லயத்துலயே ஒரு ரூம் பார்த்துக்கறோம்...

எம் பொண்டாட்டியா? பியாட்ரிஸ்கிட்ட இனிமேத்தான் சொல்லணும்... படம்லாம் போட்டுக் காட்ட வேணாம்லா. கணக்கு அவளுக்குச் சட்டுனு புரிஞ்சிரும்.

அதுதாண்ணே பயமா இருக்கு... சரி, வச்சிர்றேன்.