டுவேன் வாங்கிய தராசு

பக்ஹார்ன் வட்டாரத்தில் தங்கள் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் பெருமக்களுக்கும், அவர்கள் வழியாக மற்றுமுள்ள மனித குலத்துக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: தராசு வாங்கும்போது அவசரப்படக் கூடாது.

ஷெரீப் அலுவலகத்திலும் இதைத்தான் முதலில் சொன்னேன். டெபுடி டிராவிஸ் அதை எழுதிக்கொள்ளவில்லை. "டுவேன் கண்ணு எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, ஆர்டன் சார்" என்றான். தராசைச் சொல்லாமல் கண்ணைச் சொல்ல முடியாது என்றேன். அவன் பெருமூச்சு விட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினான்.

டுவேன் கெசலும் நானும் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே மேசையில் தோட்டா நிரப்பியவர்கள். மேசை அவன் வீட்டுக் கராஜில் இருந்தது. தராசு இருவருக்கும் பொது. பழைய தண்டுத் தராசு. அவன் சின்னக் கரண்டியால் வெடிமருந்தைத் தட்டித் தட்டி உதிர்ப்பான். தண்டு ஏறி, நடுங்கி, கோட்டுக்கு நேராக வரும் நொடியில் நான் "போதும்" என்பேன். அவன் கை நின்றுவிடும். எங்கள் நட்பு பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் நடந்தது. கிழக்கு மொன்டானாவில் இரண்டு ஆண்கள் அதைவிட அதிகமாகப் பேசிக்கொண்டால் ஊரில் கவலைப்படுவார்கள்.

அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. மருந்து ஒரு குருணை கூடினால் ஆயிரம் கஜத்துக்கு அப்பாலுள்ள இரும்புத் தகடு தப்பிப்போகும். நிறையக் கூடினால் துப்பாக்கி பின்பக்கமாகத் திறந்து சுடுகிறவன் முகத்துக்கு வரும். டுவேன் எப்போதும் விளிம்பு வரை நிரப்புகிறவன். விளிம்பு எங்கே என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தானியக் கிடங்கின் எடை மேடையில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் நான். முள் நிற்கும்வரை பொறுத்திருப்பது என் ரத்தத்தில் ஊறியது.

போன குளிர்காலத்தில் அவனுக்குப் புதுத் தராசு ஆசை வந்தது. "நீயே பாத்து ஒண்ணு சொல்லுடா. ஒன்ன விட்டா இதுல யாருக்கு என்ன தெரியும்?" என்றான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி கொட்டிய அத்தனை மாதமும் தராசுகளைப் பற்றியே படித்தேன். குழல்விளக்குப் பக்கத்தில் எண் ஆடுமா, ஹீட்டர் காற்று பட்டால் என்ன ஆகும், சூடேற எவ்வளவு நேரம் எடுக்கும், பையில் போன் இருந்தால் கெடுமா. என் மனைவி இறந்த வருடம்கூட நான் இவ்வளவு படித்ததில்லை. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேட்லாகிலிருந்து படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அவன் கராஜுக்குப் போனேன்.

மேசைமேல் வேறொன்று உட்கார்ந்திருந்தது. பெரிய டப்பாவும் சிவப்பு எண்களுமாக, எதையோ சாதித்துவிட்ட முகத்தோடு இருந்தது. யாரோ ஒரு பல் டாக்டர் இணையத்தில் அதைப் பாராட்டியிருந்தானாம்.

"பாத்தியா? தானே கொட்டுது, தானே நிறுத்துது, பீப்புங்குது. இனிமே பக்கத்துல ஒருத்தன் நின்னு கத்த வேண்டியதில்ல."

"நான் கத்தினதில்ல."

"சரிப்பா, முனகுறது."

படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை துப்பாக்கிக் கிளப்பின் காலைச் சாப்பாட்டில் ஒருவர் என்னிடம் தராசு பற்றி யோசனை கேட்டார். டுவேன் பான்கேக் நிறைந்த வாயோடு குறுக்கே விழுந்தான். "யோவ், இவன்கிட்டயா கேக்குற? இவன் கோதுமை லாரிய எடை போட்டவன்யா. மருந்தையும் லாரில ஏத்திக்கிட்டு வான்னுவான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்தும்வரை சிரித்தேன்.

இதற்காகவெல்லாம் ஒருவன் மனம் கோணுவானா என்று டிராவிஸ் கேட்டான். கோண மாட்டான். நான் கோணவில்லை.

பிறகு லூத்தரன் சர்ச்சில் பொது விருந்து நடந்தது. சன்னல் வழியாக வழக்கம்போல் காற்று. காகிதக் கைக்குட்டைகள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் கனமாக எதையோ வைத்திருந்தார்கள். எங்கள் தண்டுத் தராசு. டுவேனின் மனைவி லவோன் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அதுவா? பழைய சாமான் விற்பனைக்குன்னு அவர் தூக்கிக் குடுத்தாரு. யாரும் வாங்கல, பாவம். ஏன், ஒங்கள ஒரு வார்த்த கேக்கலையா?"

"கேட்டிருப்பான். எனக்குத்தான் ஞாபகமில்ல" என்றேன்.

தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன். தராசைத் தூக்கி ஒரு கைக்குட்டையை உருவி வாயைத் துடைத்துக்கொண்டு, தராசை அதே இடத்தில் வைத்தேன். அன்றுதான் அதைக் கடைசியாகத் தொட்டது.

ஏப்ரலில் டுவேனே போன் செய்தான். "டேய், வந்து ஒரு தடவ இத சரிபாத்துக் குடுடா. நீ சரின்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்." அவன் என்னை விட்டுவிடவில்லை என்று டிராவிஸ் இதைச் சுட்டிக்காட்டினான். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன் என்னை ஆசீர்வாதத்துக்கு அழைக்கிறான்.

என்னுடைய எடைக்கற்களை எடுத்துப்போனேன். பித்தளைக் கற்கள், வெல்வெட் பெட்டி, அரசு முத்திரை. டுவேன் காப்பி எடுக்க உள்ளே போயிருந்தபோது இருபது கிராம் கல்லைத் தட்டில் வைத்தேன். சிவப்பு எண் இருபதைத் தொடவில்லை. அந்தத் தராசு எடையைக் குறைத்துச் சொல்கிறது என்று பொருள். அப்படியானால் டுவேன் அளவாகப் போட்டதாக நினைக்கும் மருந்து அளவுக்கு மேல் இருக்கும். அவன் விளிம்பு என்று நிற்குமிடம் விளிம்பைத் தாண்டிய இடமாக இருக்கும். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கல்லைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"எப்படிடா இருக்கு?" காப்பியோடு வந்தான்.

"அருமை" என்றேன்.

வாங்கிவிட்ட பொருளைக் குறை சொல்வது எங்கள் ஊரில் மரியாதையல்ல.

ஜூன் மாதம் அவன் சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் வெறுங்கூடுகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்தான். தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு பொட்டு இருக்கும். சுட்ட பிறகும் அதன் ஓரம் வட்டமாக இருக்க வேண்டும். இவையெல்லாம் நசுங்கித் தட்டையாகியிருந்தன. அதைப் பார்த்தால் எங்களில் கத்துக்குட்டிகூடத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவான்.

"கொஞ்சம் தட்டையா இருக்கோ?"

"இந்த வருஷம் வந்த பொட்டே அப்படித்தான், மெல்லிசு. எனக்கும் இப்படித்தான் வருது."

"துப்பாக்கி போல்ட்டும் மக்கர் பண்ணுது. மல்லுக்கட்டித்தான் தூக்க வேண்டியிருக்கு."

"எண்ணெய் போடு."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லங்குற?"

அவன் கேட்டது அந்தப் பழைய ஒரே வார்த்தையைத்தான். அதைச் சொல்லத்தான் அவன் இயந்திரம் வாங்கியிருந்தான். "ஒண்ணுமில்ல" என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஜூலையில் சுடும் போட்டி. படுத்துச் சுடும் பாயை நான் எப்போதும் அவனுக்கு வலப்பக்கம் விரிப்பேன். அன்று வரிசையின் கடைசிக்குப் போய்விட்டேன். "என்னடா, நாத்தமடிக்கிறேனா?" என்று அங்கிருந்தே கத்தினான். அந்தப் பக்கம் வெயில் என்றேன். இரண்டு பக்கமும் ஒரே வெயில்தான்.

அவன் துப்பாக்கி வெடித்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. கட்டையை முறித்ததுபோல், குட்டையாக. அவனுடைய வலது கண் அங்கேயே போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட முகத்தோடு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "ஒன்னக் கேக்காம அந்தப் பழைய தராசத் தூக்கிக் குடுத்தது தப்புடா. சர்ச்சுல பாத்தியாமே, லவோன் சொன்னா. அதுலருந்து ஒரே உறுத்தல். எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் கிண்டலடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் அவனை மன்னித்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அதற்குப் பிறகு வாரந்தோறும் போய் அவனுக்கு வேட்டைப் பத்திரிகை படித்துக்காட்டினேன். லவோன் எனக்கு ஆப்பிள் பை சுட்டு வைத்தாள். எல்லாம் அப்படியே போயிருக்கும்.

அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. "தராசு மேல குத்தமில்லப்பா. தங்கமான தராசு. ஆர்டனே கல்லு வச்சுப் பாத்து அருமைன்னான். நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்." கிளப்பில் இரண்டு பேர் அதே தராசை வாங்கிவிட்டார்கள். என் பேரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் எடைக்கற்களோடு ஷெரீப் அலுவலகத்துக்குப் போய், அந்தத் தராசு தவறு என்று கல் வைத்துப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்தே அருமை என்றேன், தெரிந்தே பொட்டைப் பற்றிப் பொய் சொன்னேன், தெரிந்தே பாயை நகர்த்தினேன். டிராவிஸ் தராசையும் கற்களையும் சோதனைச்சாலைக்கு அனுப்பினான்.

நேற்று மறுபடி கூப்பிட்டிருந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தராசு சரியா இருக்கு சார். குருணை பிசகல. டுவேன் தோட்டாவ வண்டிக்குள்ள கண்ணாடி ஓரமா வெயில்லயே போட்டு வச்சிருந்தாராம். ஏப்ரல் குளிருக்குச் சரியா இருந்த மருந்து அந்தச் சூட்டுக்கு அதிகமாயிருச்சு. பொட்டு நசுங்கினப்பவே யாராவது நிறுத்துன்னு சொல்லியிருந்தா, கண்ணு தப்பிச்சிருக்கும்."

"கல்லு?"

"கல்லுதான் சார் தேஞ்சிருக்கு. பாலிஷ் கீலிஷ் போடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமைதோறும்" என்றேன்.

அவன் என் உரிமைகளைப் படித்துக்காட்டினான். லவோனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றான். சொல்லிவிடுங்கள் என்றேன். வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்து, பொட்டு, பாய், பொய் எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

எடைக்கல்லை மட்டும் மறுபரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.